கடைசி வரிசைப் பிள்ளைக்கும் ஒரு பாட்டு: ஜப்பான் பள்ளி விழா ஆட்டத்துக்கு எதைப் போடுவது?

கேள்வி, 2024 செப்டம்பர் 2

அக்கா, நாங்கள் சைத்தாமாவுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மகள் இங்கே நடுநிலைப் பள்ளியில் இரண்டாம் வருஷம். அக்டோபர் கடைசியில் புன்காசாய், அதாவது பள்ளிக் கலைவிழா. வகுப்பில் 34 பேர். எல்லாரும் சேர்ந்து மேடையில் நாலு நிமிஷம் ஆட வேண்டும். பாட்டு தேர்ந்தெடுக்கும் குழுவில் மகளைப் போட்டுவிட்டார்கள். "இந்தியாக்காரிதானே, உனக்கு டான்ஸ் தெரியும்" என்றார்களாம். ஜப்பானியப் பாட்டாக இருக்கணும், துள்ளலாக இருக்கணும். இப்போது எல்லாரும் ஃபோனில் பார்க்கிற வேகமான பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டால் போதும்தானே?

செப்டம்பர் 2, இரவு 10.40

போதாது.

நான் பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறேன். ககுதோ என்பார்கள். இது 9-ஆம் வருஷம். உன்டோகாய் (பள்ளி விளையாட்டு விழா) நெருங்கினால் ஒரே அறையில் ஆறு வகுப்புப் பிள்ளைகளும் ஆறு பாட்டுக்கு ஒத்திகை பார்ப்பார்கள். அந்தக் கூச்சலுக்குள் நின்று நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பாட்டை முதல் வரிசைப் பிள்ளையை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, கடைசி வரிசைப் பிள்ளையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2016-இல் மூன்றாம் வகுப்புக்கு அந்த வருஷத்து ஹிட் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். முன்னால் எட்டுப் பெண்கள் அப்படி ஆடினார்கள், கண்ணை எடுக்க முடியவில்லை. பின்னால் ஒரு பையன், முன்னே நிற்பவளின் முதுகைப் பார்த்துப் பார்த்து, எப்போதும் அரைத் தாளம் பிந்தியே ஆடினான். காப்பகத்துக்கு வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் மூலையில் உட்கார்ந்துகொள்வான். அதே பையன் 2018-இல் ஐந்தாம் வகுப்பில் சோரன் புஷி என்ற மீனவர் பாட்டுக்கு ஆடினான். "தொக்கோய்ஷோ! தொக்கோய்ஷோ!" என்று அவன் போட்ட சத்தம் மைதானத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடம் வரை கேட்டது. இரண்டு வருஷத்தில் அவன் ஆட்டக்காரன் ஆகிவிடவில்லை. பாட்டு மாறியது, அவ்வளவுதான்.

உங்கள் மகளிடம் முதலில் ஒரு கணக்கு எடுக்கச் சொல்லுங்கள். 34 பேரில் ஆடப் பிடிக்காதவர்கள் எத்தனை பேர்? வாய்விட்டு, கைதூக்கச் சொல்லி வேண்டாம். அவளுக்கே தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 3, காலை

சோரன் புஷி பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே பள்ளி ஆட்டம் என்று பேச ஆரம்பித்தால் அது இல்லாமல் முடியாது.

ஹொக்கைடோ கடற்கரையில் ஹெர்ரிங் மீன் பிடித்த தொழிலாளிகளின் பாட்டு. வலையில் சிக்கிய மீனைக் கைவலையால் அள்ளிப் படகில் கொட்டும்போது, அத்தனை பேர் கையும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும் என்பதற்காகப் பாடியது. 1950-களின் நடுவில் அங்கே மீன் வரத்து நின்றுபோனது. பாட்டு மட்டும் நின்றுவிடவில்லை. எங்கள் ஊரில் கரைவலை இழுப்பவர்கள் "ஏலேலோ ஐலசா" போடுவதைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இதைப் புரிந்துகொள்ள ஜப்பானிய மொழி தேவைப்படவில்லை.

ஆனால் பள்ளிகளில் இப்போது ஆடுவது அந்தப் பழைய மெட்டு அல்ல. ஹொக்கைடோவின் வடக்கு நுனியில் வக்கனாய் என்று ஒரு ஊர். அங்கே மினாமி நடுநிலைப் பள்ளி 1980-களில் சண்டை சச்சரவுக்குப் பெயர் போனது. ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் பிள்ளைகளை நிமிர்த்த எடுத்த முயற்சிகளில் ஒன்றுதான் இந்த ஆட்டம். நாட்டுப்பாடகர் இதோ தகியோ ராக் பாணியில் பாடிய சோரன் புஷிக்கு அசைவு அமைத்து, 1990-களின் தொடக்கத்தில் நாட்டார் ஆட்டத்துக்கான தேசியப் போட்டி வரை போய் ஜெயித்தார்கள். பிறகு அது தொலைக்காட்சி வழியே நாடு முழுக்கப் பரவியது. 'நன்சூ சோரன்' என்று இன்றைக்கும் பள்ளிப் பெயரின் சுருக்கத்தால்தான் சொல்கிறார்கள்.

ஆட்டம் என்ன? இடுப்பைத் தாழ்த்தி, காலை அகட்டி நின்று, அலை, துடுப்பு, வலை இழுப்பது, மீன் அள்ளுவது. அவ்வளவும் வேலை. தோளைக் குலுக்கி நளினம் காட்ட வேண்டியதில்லை. ஆடத் தெரியாத பையனும் கயிறு இழுக்கத் தெரிந்தவன்தான். இதனால்தான் அந்தக் கடைசி வரிசைப் பையனுக்கு அது பொருந்தியது என்று நினைக்கிறேன். தொடை மட்டும் பயங்கரமாக வலிக்கும். மூன்றாம் நாள் ஒத்திகைக்குப் பிறகு காப்பகத்தின் மாடிப்படியில் பிள்ளைகள் பக்கவாட்டில் இறங்குவார்கள்.

செப்டம்பர் 3, மதியம்

"அது தாத்தா காலத்துப் பாட்டு, 14 வயசுப் பெண்கள் ஓட்டுப் போடமாட்டார்கள்" என்று எழுதியவருக்கு: போடமாட்டார்கள், சரிதான். இன்னொன்றும் உண்டு. பலர் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ அதை ஆடி முடித்திருப்பார்கள். "மறுபடியுமா?" என்பார்கள். நான் அதையே போடுங்கள் என்று சொல்லவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அது உள்ள வேறு பாட்டைத் தேடுங்கள் என்கிறேன்.

என்ன இருக்கிறது? சத்தம் போட இடம். இங்கே அதைக் ககெகோயே என்பார்கள். பாட்டுக்காரர் நிறுத்தும் இடத்தில் கூட்டம் கத்தும். ஆடத் தெரியாதவர்களுக்கு அதுதான் கதவு.

செப்டம்பர் 5

அனுபவத்தில் பார்த்த பாட்டுகளைச் சொல்கிறேன். வரிசை ஒன்றும் இல்லை, நினைவுக்கு வந்தபடி.

ஏ.கே.பி.48 குழுவின் 'கொய் சுரு ஃபோர்ச்சுன் குக்கி' (2013). பப்பாயா சுசுகி அசைவு அமைத்தது. வந்த புதிதில் கம்பெனிகள், மாவட்ட அலுவலகங்கள் எல்லாம் ஆடிப் படம் எடுத்துப் போட்டார்கள். காரணம் எளிது. மாவு பிசைவதுபோல் கையை உருட்டுவது, பக்கவாட்டில் இரண்டு அடி, அவ்வளவுதான். தாளம் நடக்கிற வேகத்தில் இருக்கும், ஓடத் தேவையில்லை. அம்மாக்களுக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். என் கணக்கில் 34 பேர் கொண்ட வகுப்புக்கு இதுவரை இதை மிஞ்சிய பாட்டு இல்லை.

டா பம்ப் குழுவின் 'யூ.எஸ்.ஏ.' (2018). 1992-இல் வந்த இத்தாலிய யூரோபீட் பாட்டின் ஜப்பானிய வடிவம். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் அசைவுக்காகவே பையன்கள் உயிரை விடுவார்கள். ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே மற்றக் காலை உதைக்கிற பகுதி இருக்கிறதே, அது மேடையில் ஆபத்து. 34 பேர் சேர்ந்து குதித்தால் பலகை மேடை அதிர்ந்து பாட்டே கேட்காது. மைதானத்தில் மண் தரையில் நன்றாக வரும்.

'மட்சுகென் சாம்பா 2' (2004). சாமுராய் வேடங்களுக்குப் பெயர்பெற்ற மட்சுதைரா கென் தங்க நிறக் கிமோனோவில் பாடுவது. "ஓலே!" வரும் இடத்தில் அரங்கமே சேர்ந்துகொள்ளும். தாத்தா பாட்டிகள் எழுந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பான துணி வாங்கும் செலவு மட்டும் கூடுதல்.

'டான்சிங் ஹீரோ'. ஓகினோமே யோகோ 1985-இல் பாடியது. 2017-இல் ஒசாகாவின் தொமியோகா உயர்நிலைப் பள்ளி நடனக் குழு, பெரிய தோள்பட்டை வைத்த பழைய காலச் சட்டையும் அழுத்தமான மேக்கப்புமாக இதற்கு ஆடி, தேசிய அளவில் இரண்டாம் பரிசு வாங்கியது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு எல்லாப் பள்ளியிலும் அதையே ஆட ஆசைப்பட்டார்கள். நடனக் குழுப் பிள்ளைகள் தினமும் பயிற்சி செய்து ஆடியதை, வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒத்திகை பார்க்கும் வகுப்பு செய்ய முடியாது. பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், அந்த அசைவை விட்டுவிடுங்கள். நாகோயா பக்கம், கோடையில் மூதாதையருக்காக நடக்கும் 'போன்' விழா ஆட்டத்தில் ஊரே வட்டமாக நின்று இதே பாட்டுக்கு ஆடுகிறது. அந்த வட்ட ஆட்டத்தைப் பாருங்கள், அது உங்களுக்கு உதவும்.

'பப்ரிகா' சின்னப் பிள்ளைகளுக்கு. நடுநிலைப் பள்ளிக்குச் சரிவராது.

செப்டம்பர் 6

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். தூங்கப் போகும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். யோனெசு கென்ஷி எழுதி 'பப்ரிகா' வந்தது 2018-இல், என்.எச்.கே. தொலைக்காட்சியின் 2020 டோக்கியோ ஒலிம்பிக்கை நோக்கிய உற்சாகப் பாட்டாக. 2019-இல் ஜப்பான் ரெகார்ட் விருதும் வாங்கியது. உங்கள் மகளின் வகுப்புத் தோழர்கள் அப்போது இரண்டாம், மூன்றாம் வகுப்பு. அந்த இரண்டு வருஷமும் நாடு முழுக்கப் பிள்ளைகள் இதைத்தான் ஆடினார்கள். அவர்களுக்கு இது புத்தியில் இல்லை, உடம்பில் இருக்கிறது. பாட்டைப் போட்டால் கை தானாக எழும். 14 வயதில் அதை மறுபடி ஆடும்போது பார்க்கிற பெற்றோருக்குக் கண் கலங்கும். மகளும் சைத்தாமாவுக்கு வந்தது மூன்று வருஷம் முன்னால்தான் என்றீர்கள். அவளுக்கு மட்டும் அது உடம்பில் இருக்காது. இதையும் யோசியுங்கள். வகுப்பில் அவளைப்போல் இன்னொரு பிள்ளை இருக்கக்கூடும்.

செப்டம்பர் 8

வேகம் பற்றி நான் கறாராகப் பேசிவிட்டேன் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். "யோஅசோபியின் 'ஐடல்' வந்ததிலிருந்து எங்கள் பள்ளியில் வேறு பாட்டே இல்லை, பிள்ளைகள் அழகாகத்தான் ஆடுகிறார்கள்" என்கிறார் ஒருவர்.

கணக்காகப் பார்ப்போம். ஆட்டத்தை எட்டு எட்டாக எண்ணுவார்கள். நிமிஷத்துக்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு எட்டு நாலு வினாடி. நாலு நிமிஷத்துக்கு 60 எட்டு. 'ஐடல்' நிமிஷத்துக்கு 166 தட்டு. அதே நாலு நிமிஷத்துக்கு 83 எட்டு, ஒவ்வொன்றும் மூன்று வினாடிக்கும் குறைவு. மனப்பாடம் செய்ய வேண்டியது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது, யோசிக்கக் கிடைக்கும் நேரமோ குறைகிறது. கடைசி வரிசை தடுமாறுவது இங்கேதான்.

ஆனால் போன மே மாதம் காப்பகத்தில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு ஒன்று காட்டினாள். கிரீப்பி நட்ஸின் 'பிளிங்-பாங்-பாங்-போர்ன்' இந்த ஜனவரியில் வந்ததுதானே, அனிமே பார்க்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் அதன் முழங்கால் அசைவு தெரியும். அவள் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு தட்டுக்கு ஒரு அசைவு வைத்தாள். பாட்டு ஓடுகிறது, தம்பி நடக்கிறான். பல்லவி வரும்போது மட்டும் முழு வேகம். பார்க்க நன்றாகவும் இருந்தது, மெதுவாக இருந்துவிட்டு வேகம் பிடிப்பதால் துள்ளல் இன்னும் கூடியது.

ஆகவே, வேகமான பாட்டு வேண்டாம் என்று சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். வேகமான பாட்டு போடலாம். அசைவு முழுக்க அதே வேகத்தில் ஓடக்கூடாது.

செப்டம்பர் 9

"ஆட்டம் எல்லாம் தேவையா, முன்பெல்லாம் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் கோபுரம் கட்டினார்கள், அதில்தான் ஒற்றுமை" என்று எழுதியவருக்குச் சுருக்கமாக: அந்தக் கோபுரங்களில் விழுந்து எலும்பு முறிந்த பிள்ளைகள் ஏராளம். 2016-இல் அரசின் விளையாட்டு முகமையே பாதுகாப்பை உறுதி செய்ய முடியாவிட்டால் நடத்தாதீர்கள் என்று சுற்றறிக்கை விட்டது. பல பள்ளிகள் அதை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் ஆட்டத்தை வைத்தன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஒத்திகையில் கைமுறிந்த பிள்ளைக்கு மூன்று வாரம் சோற்றை ஊட்டியிருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு ஒன்று விட்டுப்போனது. 2012-இலிருந்து நடுநிலைப் பள்ளி முதல் இரண்டு வருஷமும் ஆண் பெண் எல்லாருக்கும் உடற்கல்வியில் நடனம் கட்டாயம். படைப்பு நடனம், நாட்டார் நடனம், நவீனத் தாள நடனம் என்று மூன்று வகை உண்டு. போன வருஷம் எதைச் செய்தார்கள் என்று உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள். பாதி அசைவு ஏற்கெனவே கையில் இருக்கும்.

செப்டம்பர் 11

உரிமைப் பிரச்சினை கேட்டார்கள். இங்கே பதிப்புரிமைச் சட்டம் 38-ஆம் பிரிவின்படி, லாப நோக்கம் இல்லை, நுழைவுக் கட்டணம் இல்லை, ஆடுபவர்களுக்குச் சம்பளம் இல்லை என்றால் வெளியான பாட்டை விழாவில் அனுமதி வாங்காமலே ஒலிக்கவிடலாம். அரங்கத்துக்குள் அது முடிந்தது. அதை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவது வேறு கதை. யூடியூப் போன்ற தளங்கள் பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிமை அமைப்போடு ஒப்பந்தம் வைத்திருக்கலாம். அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவு இசைத்தட்டு வெளியிட்ட கம்பெனிக்குச் சொந்தம், அதற்குத் தனி அனுமதி வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தில் விழா வீடியோவைப் போட்டு, மறுநாள் பார்த்தால் சத்தமே இல்லை. ஊரில் இருந்த பாட்டிக்கு 40 பிள்ளைகள் ஊமையாக ஆடுவதுதான் தெரிந்தது. ஊருக்குக் காட்ட வேண்டுமென்றால் வீட்டு ஃபோனில் எடுத்து நேரடியாக அனுப்புங்கள்.

செப்டம்பர் 15

எய்சா போடலாமே என்று ஒருவர் சொன்னார். ஒகினாவா ஆட்டம், கையில் சின்னப் பறை, "ஈயா சாசா" என்று கூப்பாடு. நான் சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது. பள்ளிகளில் 'மிருகு முனாரி' என்ற பாட்டுக்கு நிறைய ஆடுகிறார்கள். மிருகு என்பது மைத்ரேயர். ஒகினாவாவில் நல்ல விளைச்சல் கொண்டுவரும் தெய்வம்.

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எங்கள் காப்பகத்தில் கோடைவிழாவுக்கு இதை ஆடியபோது, உடன் வேலை செய்யும் ஒகினாவாக்காரர், "இது போன் நாட்களில் வீட்டுக்கு வந்துபோகும் மூதாதையரை வழியனுப்ப ஆடுவது. அதைப் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆடவையுங்கள்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்ன பிறகு பிள்ளைகள் பறையைத் தரையில் வைக்கும் விதமே மாறியது. எய்சா எடுத்தால் அதற்கு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

தமிழ்ப் பாட்டு போடச் சொன்னவர்கள் மூன்று பேர். ரஜினியை இங்கே 1998-இலிருந்து தெரியும், டீச்சர்களே ஆடுவார்கள் என்பது எல்லாம் சரி. ஆனால் கேள்வியை மறுபடி படியுங்கள். "இந்தியாக்காரிதானே" என்று சொல்லித்தான் அவளைக் குழுவில் போட்டார்கள். அவள் ஜப்பானியப் பாட்டுக்கு நடுவில் ஒருத்தியாக நிற்க ஆசைப்படுகிறாள் என்று எனக்குப் படுகிறது. அதை நாம் கெடுக்க வேண்டாம்.

செப்டம்பர் 16

"பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் வகுப்பு இரண்டாகப் பிளந்துவிட்டது, 17-க்கு 17" என்று செய்தி வந்திருக்கிறது. இதற்கு விடை ஜப்பானின் கோச்சியில் இருக்கிறது. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

யோசகோய் என்ற தெரு ஆட்ட விழா கோச்சி நகரத்தில் 1954-இல் தொடங்கியது. பாட்டு தகேமசா எய்சகு அமைத்தது. அங்கே விதி எளிது: கையில் நருகோ இருக்கணும், இசையில் எங்காவது யோசகோய் மெட்டின் ஒரு துண்டு வரணும். மற்றபடி ராக், சாம்பா, எதுவும் ஆகலாம். நருகோ என்பது வயலில் பறவை விரட்டும் மரக் கிலுக்கு. அதைப் பார்த்துவந்த ஹொக்கைடோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் 1992-இல் சப்போரோவில் யோசகோய் சோரன் விழாவைத் தொடங்கினார். முதல் வருஷம் 10 அணி, 1000 பேர். அங்கே விதி நருகோவும் சோரன் புஷியின் ஒரு துண்டும்.

ஆக, புதுப் பாட்டை எடுங்கள், நடுவில் பழையதை ஒரு துண்டு வையுங்கள். இரண்டு ஒலிப்பதிவையும் கணினியில் வெட்டி ஒட்டிவிட்டால் முடிந்தது.

செப்டம்பர் 17

வெட்டி ஒட்டுவது வேண்டாம். 38-ஆம் பிரிவு ஒலிக்கவிடத்தான் விடுகிறது, பாட்டை மாற்றி அமைப்பது தனி உரிமை. இதைவிட நல்ல வழி இருக்கிறது: பாட்டை நிறுத்துங்கள். இசைக்கருவி அறையில் தைகோ பறை இருக்கும். ஒருவர் அடிக்கட்டும், 34 பேரும் வாயால் "தொக்கோய்ஷோ" போடட்டும், எட்டு எட்டாக நாலு முறை. பிறகு அடுத்த பாட்டு. உடற்பயிற்சிக் கூடத்து ஸ்பீக்கரில் அடித்தாளம் எப்போதும் குழம்பித்தான் கேட்கும், தலைக்கு மேல் எதிரொலிக்கும். பறையும் குரலும் தெளிவாகக் கேட்கும். தாளம் தவறியவர்கள் அந்த இடத்தில் திரும்பச் சேர்ந்துகொள்ளலாம்.

அக்டோபர் 28

கேள்வி கேட்ட தங்கை நேற்று எழுதியதை அவர் சம்மதத்தோடு இங்கே போடுகிறேன்:

"அக்கா, முதலில் 'பிளிங்-பாங்-பாங்-போர்ன்', நடுவில் பறை, பிறகு 'ஃபோர்ச்சுன் குக்கி'. மேடை ஏறவே மாட்டேன் என்ற ஒரு பெண் பறை அடித்தாள். நருகோ பள்ளியில் 40 இருந்தது, 68 வேண்டும், மீதியைப் பிள்ளைகளே செய்தார்கள். நீங்கள் கடைசி வரிசை, கடைசி வரிசை என்று சொன்னதை மகள் குழுவில் சொன்னாளாம். ஒரு பையன் 'அப்படியானால் கடைசி வரிசையே வேண்டாம்' என்றானாம். பறை அடிக்கும்போதெல்லாம் முன்வரிசை இரண்டு பக்கமும் ஓடிப் பின்னால் போகிறது, பின்வரிசை முன்னால் வருகிறது. நாலு வரிசையும் ஒரு தடவையாவது முன்னால் நின்றது."

ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை. நான் கடைசி வரிசைக்குப் பொருந்தும் பாட்டைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 29

நருகோ எப்படிச் செய்தார்கள் என்று கேட்டவர்களுக்கு, அவர் அனுப்பியது: 100 யென் கடையில் பிளாஸ்டிக் சோற்றுக் கரண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்துக்கு மூன்று பாட்டில் மூடி, துளையிட்டு நூலால் கோர்த்தது. மூடியை இறுக்கிக் கட்டினால் சத்தம் வராது, ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். சாதாரண நூல் இரண்டு ஒத்திகையில் அறுந்துவிட்டதாம். தூண்டில் நரம்பு போட்ட பிறகு கடைசிவரை தாங்கியது.